மடவைப் பொண்ணு கரைக்கு வந்த கதை

மற்ற ஊர்ப் பாட்டுக்காரனுக்குத் தீர்ப்புச் சொல்ல ஊராருக்கு இரண்டு காது இருந்தால் போதும். எங்கள் தொழிலில் பாட்டு நல்லதா கெட்டதா என்பதை அன்றைக்குக் கூடையில் விழுந்த மீன்தான் சொல்லும்.

நான் அம்பா கட்டுகிறவன். கடலில் வளைத்து விட்ட பெரியவலையைக் கரையில் நின்று முப்பது பேர் கயிறு பிடித்து இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு எங்கள் பக்கம் அம்பா என்று பெயர். ஒருவன் முன்னால் நின்று வரி எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிற அந்த ஒருவன் நான். பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்துக்காரருடையது, அதன் பக்கத்துக் கோட்டைக்குப்பம் எங்களுடையது, குப்பத்துப் பெரியவலை என் மாமனார் வீராசாமியுடையது. பாட்டு மட்டும்தான் என்னுடையது. அதைத்தான் எல்லோரும் வேண்டாம் என்றார்கள்.

பழைய அம்பாக்களையே பாடிக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. எனக்குத்தான் புதிதாகக் கட்ட வேண்டும் என்று நாக்கில் அரிப்பு. பார்த்துப் பார்த்து அலுத்த மாமனார், ஒரு வைகாசி மாதம் வலை காய்கிற இடத்தில் எல்லோர் முன்னாலும் கெடு வைத்தார். "வாடைக் காத்து எழும்பறதுக்குள்ள நீ கட்டின பாட்டு ஒண்ணாவது என் வலையில நிக்கணும் மாப்ளே. நிக்கலன்னா பாட்டை வுட்டுட்டு, கோட்டையில மூட்டை தூக்கப் போயிடு" என்றார். எனக்கு மூட்டை தூக்க முதுகு உண்டு. மனசுதான் இல்லை.

பாட்டுக் கட்டி, பொம்மை செதுக்கி, துணியில் பூ எழுதி, கடைசியில் "வேற வேலை இருந்தா பாரேன்" என்று கேட்டுக்கொண்டவர்களே, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது உங்களுக்குத்தான் புரியும்.

முதல் பாட்டு, முழுத் தோல்வி

கெடு வைத்த பிறகு நான் முதலில் கட்டியது ஒரு மடவை மீனின் கதை. மடவைப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாமன் வீடு கரையில் இருக்கிறது, அவள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். கடலே கூடி நின்று அவளைக் கெஞ்சுகிறது.

மடவைப் பொண்ணே மடவைப் பொண்ணே
மாமன் வூடு தூரமில்ல
அலையில ஒரு காலு வெச்சா
அடுத்த காலு வாசலில

இப்படிப் பதினேழு கண்ணி. அவள் போனாளா இல்லையா என்பதைக் கடைசிக் கண்ணி வரை நான் வெளியே விடவே இல்லை. அதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது கண்ணியில் இறால் அத்தை வந்து புத்தி சொல்லும் கட்டம். திரும்பிப் பார்க்கிறேன், முப்பது பேரும் கயிற்றைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். ஒருவரும் இழுக்கவில்லை. ஒருவன், "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று வேறு கேட்கிறான்.

மடவை சாதாரண மீன் இல்லை. கயிறு தளர்ந்தது தெரிந்தால் வலையின் மிதப்புக் கட்டைகளைத் தாண்டி எகிறிக் குதித்துவிடும். அன்றைக்கு எங்கள் கண்ணெதிரே கூட்டம் கூட்டமாகத் துள்ளி, வெயிலில் பளபளவென்று மின்னி, கடலுக்கே திரும்பிப் போனது. வலையில் மீன் சேர்கிற பையான மடியை இழுத்துப் பார்த்தால் நாலு நண்டு. மாமனார் நண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "உன் பாட்டு நல்லாத்தான் கீது மாப்ளே. மீனும் நின்னு கேட்டுட்டு, சொல்லிக்கினுதான் போச்சு."

கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்

ஆட்கள் கதை கேட்டு நிற்பதுதான் கோளாறு என்றால், எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? பெரியவலைக்கு இரண்டு கயிறு. தெற்கே ஒரு கூட்டம், வடக்கே ஒரு கூட்டம், நடுவில் நல்ல தூரம். தெற்குக் கூட்டம் கேள்வி கேட்க வேண்டும், வடக்குக் கூட்டம் பதில் பாட வேண்டும். இதைக் கட்டி முடித்த அன்று, எனக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள் எல்லாம் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

கேள்வி எல்லாம் இரண்டு சொல். பதில் எல்லாம் இரண்டு வரி. எங்கள் ஆட்களோ வாய் திறந்தால்தான் கை இழுக்கும், பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். அது பிறவிப் பழக்கம். தெற்குக் கூட்டம் "யாரு வந்தா?" என்று கேட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பதிலுக்குக் காத்து நிற்கும். வடக்குக் கூட்டம் யார் வந்தார், என்ன உடுத்தி வந்தார், யாரோடு வந்தார் என்று பாடிப் பாடி ஏழெட்டு இழுப்பு இழுக்கும். வலை மெல்ல மெல்ல வடக்கே கோணிக்கொண்டு போனது. நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். மாமனார் கத்தின கத்தலில் கண்ணைத் திறந்தால், மடி நிறைய மீனோடு வலை அடுத்த குப்பத்துக் கரையில் போய் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

எந்தக் கரையில் மடி ஏறுகிறதோ அந்தக் கரைக்கு அதில் பாதி. இது எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத கட்டு. அடுத்த குப்பத்துத் தலைவரான நாட்டார் இடுப்பில் கை வைத்து, மீனை அள்ளுவதை ஆசை தீரப் பார்த்துவிட்டு, மாமனார் தோளில் கை போட்டுச் சொன்னார்: "உன் மருமவன் பாட்டு அருமையான பாட்டுண்ணே. நாளைக்கும் பாடச் சொல்லு."

காக்கா கேட்ட பாட்டு

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எனக்கென்ன வெட்கம். என் மனைவி அங்கம்மாள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு வாசலில் கருவாடு காய்கிறது, காக்கா மொய்க்கிறது, அந்தக் கவலை அவளுக்கு.

நான்காம் நாள் வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "மடவைப் பொண்ணே, உஸ்! மாமன் வூடு, உஸ்! தூரமில்ல, உஸ்! உஸ்!" எழுந்து ஓடினேன். அங்கம்மாள் கையில் தென்னை மட்டை. வரிக்கு வரி மட்டையைத் தரையில் அடித்து உஸ் என்கிறாள். காக்காய்கள் கும்பலாகப் பறக்கின்றன. பதினேழு கண்ணியில் ஒரு கண்ணியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் கருவாடு நறுக்குகிற மாதிரித் துண்டு போட்டிருந்தாள். இதோடு விட்டாளா? எளாவூர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டு போகிற இடத்திலும் இதே பாட்டாம். பக்கத்தில் கடை விரிக்கிற, பழவேற்காட்டு ஏரியின் வடகரைப் பெண்கள்கூடக் கற்றுக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து உஸ் உஸ் என்கிறார்களாம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மீனைக் கூப்பிடக் கட்டின பாட்டை வைத்துக் காக்காய் ஓட்டுகிறாயே, இது நியாயமா என்று குதித்தேன். அவள் மட்டையைக் கீழே போடாமலே சொன்னாள்: "நீ பாடி யாராவது சொன்னபடி கேட்டாங்களா? காக்கா கேக்குதுய்யா. அது போதும்னு இரு."

மரைக்காயரின் புதுப் படகு

ஆடி மாதம் ஒரு வேலை வந்தது. ஊர் வணிகர் மரைக்காயர் ஒருவர் புதுப் படகு கட்டி முடித்து, ஏரியில் தள்ளுவதற்குப் பாட்டு வேண்டும் என்றார். இது நின்றால் வலைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று மாமனார் ஒப்புக்கொண்டார். புதுப் படகைத் தள்ளத் தொடங்கினால், அடிக்கட்டை தண்ணீரில் நனைகிற வரை பாட்டு நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் கண்ணால் அளந்து ஒன்பது கண்ணி கட்டினேன். படகு பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஒன்பது கண்ணியும் தீர்ந்துவிட்டது.

நிறுத்தக் கூடாது. வாயில் வந்ததைப் பாடினேன். ஏரியில் உள்ள மீன் பெயரெல்லாம் பாடினேன். காட்டூர் தொடங்கி எளாவூர் வரை ஊர்ப் பெயரெல்லாம் பாடினேன். மரைக்காயரின் சொந்தக்காரர்களை மூத்தவரிலிருந்து இளையவர் வரை பாடினேன், ஒரு மைத்துனரை விட்டுவிட்டேன் என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். படகு இம்மி அசையவில்லை. தொண்டை வறண்டு, இனி ஒன்றுமே இல்லை என்று ஆன நேரத்தில் மரைக்காயர் வீட்டிலிருந்து காற்றில் ஒரு வாசனை வந்தது. "நெய்ச்சோறு வேவுதடி, ஏலேலோ! ஆட்டுக்கறி கொதிக்குதடி, ஏலேலோ!" என்று எடுத்தேன். தள்ளுகிறவர்கள் காலையிலிருந்து பட்டினி. ஒரே மூச்சு. சேற்றைப் பிய்த்துக்கொண்டு படகு ஏரியில் பாய்ந்து, அங்கே கட்டியிருந்த மரைக்காயரின் பழைய படகை இடித்துக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றது.

விருந்தில் மாமனார் தலை குனிந்து சாப்பிட்டார். மரைக்காயர் நல்ல மனிதர். எனக்கு ஒரு கரண்டி கறி கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டு, தாடியைத் தடவியபடி சொன்னார்: "உங்க பாட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. பாராட்டணும்னா சமையல்காரரைத்தான் பாராட்டணும்."

துரைக்கு ஒரு வரி

கோட்டையில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ள ஒரு துரை இருந்தார். துணி மூட்டைகளைப் படகில் ஏற்றுகிற ஆட்களுக்குப் பாட்டு இருந்தால் வேலை ஓடும் என்று யாரோ அவர் காதில் போட, என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பக்கவாட்டில் நடக்கிற ஒரு நண்டண்ணன் வழி தவறி ஊரெல்லாம் சுற்றுகிற பாட்டு ஒன்று கட்டிக் கொடுத்தேன். ஆட்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். துரை முகம் சிவந்துவிட்டது. கூலிக்காரர்கள் சிரித்தால் அது தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிற மனிதர். துபாஷியைக் கூப்பிட்டு, காலை முழுக்க ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கச் சொன்னார். துபாஷிக்கு வேர்த்து ஊற்றியது. எல்லா வரியிலும் நண்டு. நண்டைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் துரை முகம் தொங்கிப் போனது. இத்தனை பேர் இத்தனை நேரம் பாடினார்களே, என்னைப் பற்றி ஒரு வரிகூடவா இல்லை என்று கேட்டாராம்.

பாவமாக இருந்தது. நம்மில் யாருக்கு அந்த ஆசை இல்லை? தொப்பியைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தொப்பி வரி வந்ததும் கை தட்டி, மறுபடி என்று விரல் காட்டுவார். ஆட்களும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி நின்று, தொப்பி வரியை மறுபடி பாடுவார்கள். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை தொப்பி வரி மட்டும்தான் நடந்தது. கப்பல் காற்றைத் தவறவிட்டது. மறுநாள் துபாஷி என்னைத் தேடி வந்து சொன்னார்: "துரைக்குப் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்குதாம். இனிமே யாரும் அதைப் பாடக் கூடாதாம்."

பயந்து கட்டிய பாட்டு

இவ்வளவுக்குப் பிறகு எனக்குச் சொல் என்றாலே நடுக்கம். கதை வேண்டாம், கேள்வி வேண்டாம், சோறு வேண்டாம், தொப்பி வேண்டாம். வெறும் ஏலேலோ மட்டும் வைத்து, ஏலேலோ ஐலசா, ஐலசா ஏலேலோ என்று ஒரு பாட்டு கட்டினேன். இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆட்கள் நல்ல பிள்ளைகளாகக் கூடவே பாடி, வலையைப் பாதி வரை இழுத்தார்கள். அப்புறம் வரிசையின் கடைசியில் நின்றவர் குரல் கொடுத்தார்: "தொண்டையைச் சரி பண்ணது போதும்பா. பாட்டு எப்போ ஆரம்பிக்கப் போறே?"

மூட்டை தூக்கப் போன நாள்

ஐப்பசி பிறந்தது. வடக்கே மேகம் கட்டியது. கெடு முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. யாரும் சொல்வதற்கு முன் நானே துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பினேன். அங்கம்மாள் வாசலில் நின்றாள். அவள் அன்றைக்குக் காக்காயைக்கூட ஓட்டவில்லை. இனிமேல் என் வாயில் பாட்டு வராது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

போன முதல் நாளே முகத்துவாரத்தில் கோட்டைப் படகு ஒன்று மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரையும் அங்கே விரட்டினார்கள். கனமான கயிறு வேண்டும் என்று மாமனாரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பெரியவலைக் கயிற்றோடு வந்து நின்றார். ஏரியின் வடகரையிலிருந்து ஒரு கூட்டம் கூலிக்கு வந்திருந்தது. அதன் தலைவன் நாகய்யா, ஆறடி ஆள். எல்லோரும் கயிறு பிடித்தோம். நாகய்யா அடி வயிற்றிலிருந்து எடுத்தான்: "மடவைப் பொண்ணே!" கூட்டமே "உஸ்!" என்று ஒரே இழுப்பு. "மாமன் வூடு!" "உஸ்!" படகு முனகிக்கொண்டு அசைந்தது.

அது என் பாட்டு! எளாவூர்ச் சந்தையில் உட்கார்ந்திருந்த வடகரைப் பெண்கள் காக்காய்ப் பாட்டை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள்! நான் பதினேழு கண்ணி எழுதியும் மறந்துபோன ஒன்றை, இழுக்கிற இடத்தை, அங்கம்மாள் தென்னை மட்டையால் அடித்துக் காட்டியிருக்கிறாள். ஆனந்தம் தாங்காமல் நான் என் பழைய மெட்டில், "தூரமில்லஅஅஅ" என்று நீட்டி முழக்கினேன். கயிறு தளர்ந்தது, படகு பின்னால் வழுக்கியது. நாகய்யா என் பக்கம் திரும்பிக் கத்தினான்: "பாட்டு தெரிலன்னா வாயை மூடிக்க நைனா! இது எங்க ஊரு பாட்டு, கடல் உண்டான நாள்லேந்து பாடறோம்!"

ஒரு கூடை மடவை

படகு மிதந்ததும் மாமனார் நேரே நாகய்யாவிடம் போனார். இந்தப் பாட்டு எனக்கு வேண்டும், என் ஆட்களுக்குச் சொல்லிக் கொடு என்றார். நாகய்யா ஒரு கூடை மடவை கேட்டான். என் பங்கிலிருந்து கொடுக்கச் சொன்னார் மாமனார், கற்றுக்கொள்ளப் போகிறவன் நான்தானே. "மாமா, இது நான் கட்டின பாட்டு" என்றேன். அவர் அன்போடு என் முதுகில் தட்டி, "தெரியும் மாப்ளே, நல்ல பாட்டைக் கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். உன் மடவைக்கு நாலு நண்டுதான் வந்துச்சு, இதுக்குப் படகே வந்துடுச்சு" என்றார்.

மூன்று நாள் கடற்கரையில் நாகய்யா எனக்குப் பாடம் எடுத்தான். என் உஸ் அவனுக்குப் பிடிக்கவில்லை, அதில் அழுத்தம் போதாதாம். அங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் பாதிப் பாடத்தில் சிரித்துவிடுவேன். ஆசிரியருக்குக் கோபம் வரும், மறுபடி முதலிலிருந்து. நாலாம் நாள் விடிந்ததும் பெரியவலை இறங்கியது. "மடவைப் பொண்ணே!" என்றேன். முப்பது பேர் "உஸ்!" என்றார்கள். இரண்டு கயிறும் ஒன்றாக வந்தன. மடவைகள் துள்ளிப் பார்த்தன, தளர்ந்தால்தானே தாண்டுவதற்கு? மடி எங்கள் கரையில், எங்கள் காலடியில் வந்து விழுந்து வெள்ளையாகப் புரண்டது. மடவைப் பொண்ணு கடைசியில் மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கண் மறைத்தது, கால் தானாக ஆடியது.

மறுநாள் வாடை எழுந்தது. கோட்டைக்குப் போக வேண்டாம், இந்தப் பாட்டைப் பாட ஆள் வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். சொன்னவர் சும்மா போகாமல், என்னைத் தனியாக ஓரம் கட்டி, இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கனிந்த குரலில் சொன்னார்: "மனசு வுட்டுடாதே மாப்ளே. இன்னும் கொஞ்சம் பாடுபட்டா, நீயும் ஒரு நாள் இதுமாதிரி ஒண்ணு கட்டிடுவே."

மாமனார் வாக்கைத் தட்டக் கூடாது என்பதற்காக, நான் கட்டியதைப் போலவே ஒன்றைக் கட்டிவிட இன்றுவரை விடாமல் முயன்றுகொண்டிருக்கிறேன்.